நாக்குமீனும் மச்சானின் தூக்கமும்

யோசனை வந்த இடம் ஆனைக்குட்டம் அணை. மழை பெய்து அணையில் தண்ணீர் நின்ற அபூர்வமான வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானும் அக்கா வீட்டுக்காரரான மச்சானும் கரையில் உட்கார்ந்து சாத்தூர் சேவு தின்றுகொண்டிருந்தோம். நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைன் பார்க்கிறவன். பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற வெள்ளி ஃபிலிமின் வெட்டுத்துண்டு ஒன்றாவது எந்நேரமும் எங்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று காற்றில் பிரிந்து தண்ணீரில் விழுந்தது. மூழ்காமல், புரண்டு படுக்கிற மாதிரி மெல்லத் திரும்பியது. கீழேயிருந்து ஒரு நிழல் எழுந்து வந்து அதைக் கொத்திவிட்டுப் போனது.

"மச்சான், பாத்தீகளா?"

"பாத்தேன். மீனுக்கும் பேன்ஸி ஐட்டம் கேக்குது."

எனக்கு உடம்பெல்லாம் விறுவிறுத்தது. குளிர் தேசத்துக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கோழி இறகில் பொய் இரை கட்டி, சாட்டை சுழற்றுவது போல நூலை வீசி மீன் பிடிக்கிற வீடியோக்களை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தக்கை கிடையாது, புழு கிடையாது. கனமான நூல்தான் இறகைச் சுமந்துகொண்டு போகும். ஒரு பழைய தூண்டில் கோலும் நூல் சுற்றுகிற உருளையும்கூட ஆன்லைனில் வாங்கி வைத்திருந்தேன். எங்கே வீசுவது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அணை நிரம்பினால் இந்தத் தண்ணீர் அர்ச்சுனா நதியில் இறங்கும், அது வைப்பாற்றில் சேரும், வைப்பாறு கடலுக்குப் போகும். அப்படியானால் நாமும் கூடவே போய்விட வேண்டியதுதானே?

கடலில் எனக்கு வேண்டியது நாக்குமீன். கல்லூரியில் விலங்கியல் படித்தபோதே அதன் மேல் ஒரு கிறுக்கு. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல இரண்டு பக்கமும் கண் இருக்கும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஆயுசு முழுக்கத் தட்டையாக மணலில் படுத்து, இரண்டு கண்ணாலும் மேலே பார்த்துக்கொண்டே கிடக்கும். பார்க்கிறவர்களுக்குத் தூங்குவதாகத் தோன்றும். உண்மையில் முழித்திருக்கும்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் அரிசி களைகிற கையை நிறுத்திவிட்டாள்.

"உங்க மச்சானும் அப்படித்தாம்லே கெடக்காக. ரெண்டு கண்ணும் மேல. விடிய விடிய மோட்டுவளையையே பாத்துக்கிட்டு."

மச்சானுக்கு அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிற வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால், எல்லோரும் டீ குடிக்க வெளியே வந்திருந்த நேரத்தில், அவர் உட்கார்ந்து எழுந்து வந்த அறை வெடித்தது. ஆளுக்குச் சேதமில்லை. அவர் கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்ததாம், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லையாம். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஆலை மறுபடி திறக்கிற நாள் வருகிற திங்கட்கிழமை. சீசன் ஆர்டர் காத்திருக்கிறது, அவரும் போகத்தான் நினைக்கிறார்.

"அவுகளையும் கூட்டிட்டுப் போலே," என்றாள் அக்கா. "மீனெல்லாம் எனக்கு வேண்டாம். அவுக கண்ணசந்தாகன்னு வந்து சொல்லு, போதும். தூக்கமில்லாத கையை வச்சுக்கிட்டு மருந்துல உக்கார நான் விடமாட்டேன்."

அச்சகத்தில் ஒரு வேலையும் தோதாக வந்தது. வைப்பாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு உப்பு கம்பெனிக்கு பாக்கெட் கவரின் மாதிரி அச்சைக் காட்டி ஓகே வாங்க வேண்டும். கூரியரில் போடலாம் என்றார் முதலாளி. நிறத்தை நேரில் காட்டினால்தான் சரிப்படும் என்று அடித்துப் பேசி நானே வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். கோலை இரண்டாகக் கழற்றி, வானவெடிக்குப் பயன்படுகிற தடித்த காகிதக் குழாய் ஒன்றில் போட்டு இரண்டு பக்கமும் அடைத்திருந்தேன். அதற்கென்றே செய்தது போலப் பொருந்தியது. தோதில் மகிழ்ந்துபோய், பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"தம்பி, வெடிய பஸ்ல ஏத்தக்கூடாது."

"வெடி இல்லண்ணே, தூண்டில்."

"சிவகாசி ஆளுக குழாயைத் தூக்கிட்டு வந்து தூண்டிலுங்கீக. நான் என்னன்னு நம்ப?"

பிரித்துக் காட்டினேன். கோல் வந்தது, உருளை வந்தது, மச்சான் கட்டிய இறகுகள் இருந்த டப்பா வந்தது. பின் சீட்டில் ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்து, "கோழி றெக்கையா? பில்லி சூனியமாய்யா?" என்று கேட்க, பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் கோலைத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டார். இறங்கும்போது தருவதாகச் சொன்னார். ஜன்னல் வழியாகக் கருவேலங்காடும் கம்பங்கொல்லையும் பின்னால் போயின. மச்சான் வெளியே பார்த்தபடியே வந்தார். பஸ்ஸில் தூங்காத ஒரே ஆள் அவர்தான்; டிரைவரையும் என்னையும் சேர்க்காமல்.

அந்த இறகுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூக்கம் வராத பொழுதுகளில் மச்சான் கட்டியவை அவை. நான் படம்தான் காட்டினேன். பழுப்புக் கோழி இறகு, என் வெள்ளி ஃபிலிமில் இரண்டு கீற்று, முள்ளின் கழுத்தில் ஒரு பித்தளை மணி. திரி கட்டிப் பழகிய விரல் அல்லவா, ஒரு முடிச்சு வெளியே தெரியாது.

உப்பு கம்பெனியில் வேலை சீக்கிரம் முடிந்தது. மேனேஜர் கவரை வெயிலில் பிடித்துப் பார்த்து, "நீலம் இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, கடல் மாதிரி இருக்கணும்," என்றார். எந்த நேரத்துக் கடல் என்று கேட்க நினைத்தேன். வெளியே வந்தால் பாத்திகளில் வானம் சதுரம் சதுரமாகக் கிடந்தது. வெள்ளைக் குவியல்களுக்கு நடுவில் நடந்தபோது எது தூரம் எது பக்கம் என்று பிடிபடவில்லை. எங்கள் ஊர் வெயில் மேலேயிருந்து மட்டும் அடிக்கும். இங்கே தரையிலிருந்தும் அடித்தது.

தங்குவதற்கு மேனேஜரே புஷ்பம் அக்காவின் வீட்டைக் காட்டினார். லாரி டிரைவர்களுக்குச் சாப்பாடு போடுகிற வீடு. புஷ்பம் அக்கா காலையில் முகத்துவாரத்தில் நண்டு பிடிப்பார், மத்தியானம் அதையே குழம்பு வைப்பார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சத்தமாகப் பேசுகிறவர். பொன்னிறத்தில் எண்ணெயில் மிதக்கிற விருதுநகர் பரோட்டாவுக்குப் பழகிய நாக்குக்கு அந்த நண்டுக் குழம்பு ஒரு அதட்டல் போட்டது. மச்சான் இரண்டாவது தடவை சோறு வாங்கினார். அதை உடனே ஊரிலிருக்கிற அக்காவுக்கு மெசேஜில் அனுப்பினேன். "சோறு சரி. தூக்கம்?" என்று பதில் வந்தது.

சாயங்காலம் வத்தம். அதாவது கடல் பின்வாங்குகிற நேரம். ஆறும் கடலும் சேருகிற இடத்தில் முழங்கால் தண்ணீர் வெகுதூரத்துக்கு விரிந்து கிடந்தது. அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது. கால் வைக்கப் போனபோது புஷ்பம் அக்கா கத்தினார்.

"எய்யா, காலத் தூக்கி வைக்காதீங்க! தரையோட தேச்சுத் தேச்சு நடங்க. திருக்கை கெடக்கும். தேச்சா அது ஒதுங்கிப் போயிரும். மிதிச்சா வால் முள்ளால போட்டுருவான்."

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இது புரியும். ஆலைக்குள் நுழைகிறவர்களுக்கு முதல் பாடமே காலைத் தேய்க்காதே என்பதுதான். வெறுங்காலோடு தூக்கி, பூவைப் போல வைத்து நடக்க வேண்டும். தரையில் ஒரு மணல் பரல், மேலே சிந்திய மருந்து, நடுவில் ஒரு உரசல் போதும். அப்பாவும் அம்மாவும் அந்த வேலைக்குப் போனதால் நான் வீட்டிலேயே அப்படி நடக்கப் பழகியவன். பள்ளிக்கூடத்தில் என்னைக் கொக்கு என்று கூப்பிடுவார்கள். மச்சானுக்கோ இருபது வருசத்துப் பழக்கம்.

தண்ணீரின் விளிம்பில் அவர் நின்றார். குனிந்து எதையோ தேடினார். பிறகு ஈர மணலில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கடலுக்கு வாசல் கிடையாது, அதனால் மணலைத் தொட்டிருக்கிறார். தொட்டும் கால் நகரவில்லை.

"வரல மாப்ள. தேய்க்கணும்னு நெனச்சாலே முதுகு கூசுது."

அவர் கரையேறி உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் இறங்கி, நூலை வீசி, முள்ளில் என் சட்டைக் காலரைத்தான் பிடித்தேன். அன்றைக்கு அம்புட்டுதான். ராத்திரி பாயில் அவர் புரளாமல் படுத்திருந்தார். தூங்குகிறவர்கள் அவ்வளவு அசையாமல் படுக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் கடல் காற்று எதிர்த்து அடித்தது. கிளம்புவதற்கு முன் ஆனைக்குட்டத்தில் கருவேல மரங்களுக்கு நடுவே பழகிய வீச்சு இங்கே எடுபடவில்லை. நூல் போன வேகத்தில் திரும்பி வந்து என் காதில் விழுந்தது. நண்டுக் கூடையோடு போன புஷ்பம் அக்கா நின்று வேடிக்கை பார்த்தார்.

"யாரை அடிக்கீங்க தம்பி?"

"நாக்குமீன் பிடிக்கேன்க்கா."

"றெக்கையக் காட்டியா? அவன் என்ன கோழிக்குஞ்சா தின்னுவான்? எறால வச்சாலே யோசிப்பான். எங்க மாதா கோயில் திருநாளுக்கு நல்ல வெடியாக் கொண்டாந்து தாங்க, நானே உங்களுக்கு நாக்குமீன் தாரேன்."

அந்த ரோசத்தில் கொஞ்சம் ஆழத்துக்குப் போனேன். போன வேகத்தில் தேய்க்க மறந்துவிட்டேன். கொக்கு மாதிரி காலைத் தூக்கி வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மணல் திடீரென்று எழுந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு திருக்கை, வாலை இழுத்துக்கொண்டு, என் கணுக்காலை உரசுகிற மாதிரி பறந்து போனது. நான் போட்ட சத்தத்தில் நாரைகள் எழும்பின.

திரும்பிப் பார்த்தால் மச்சான் தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆனால் கால் தேய்த்துக்கொண்டிருந்தது. சரக், சரக் என்று மணலை உழுதுகொண்டு, என்னைத் தாண்டி முன்னால் போய் நின்றார்.

"என் பின்னாலயே வாலே. நான் தேச்ச தடத்துல மட்டும் நில்லு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா என்னைய உரிச்சிருவா."

அப்படியே ஒரு சுற்று வந்தோம். அவர் வலதுகாலைத் தேய்க்கும்போதெல்லாம் தோள் ஏறி இறங்கியது. எதற்கோ காத்திருக்கிற தோள். மணல் புகைந்து எழுந்து அடங்கியது. மறுபடி தேய்த்தார், அடங்கியது. திரும்பும்போது நின்று, தான் வந்த வழியைப் பார்த்தார். தண்ணீருக்குள் இரண்டு கோடுகள் கரை வரைக்கும் போயின.

"மாப்ள."

"என்ன மச்சான்?"

"இம்புட்டுத் தூரம் தேச்சிருக்கேன். ஒண்ணும் வெடிக்கல."

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நான் வீசினேனோ இல்லையோ, அவர் தேய்த்தார். வட்டமாகத் தேய்த்தார், எட்டுப் போட்டார். குதிகாலை அழுத்தித் திருகினார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோது, "இந்தா, இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு பாக்கி இருக்கு," என்றார். சிரிக்கவில்லை, அலுவல் மாதிரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு செய்தார். நான் ஒரு மீனையும் பார்க்கவில்லை. அவர் பாதி முகத்துவாரத்தையும் உழுது கலக்கிவிட்ட பிறகு மீன் எப்படி வரும்? ராத்திரியும் அவர் தூங்கவில்லை. ஆனால் புரண்டு படுத்தார். கால் வலிக்கிறது என்றார். அதுவே எனக்கு நல்ல சேதியாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள். மறுநாள் ஆலை திறந்துவிடும்.

காலை வத்தத்தில் கடல் இன்னும் தூரமாக விலகியிருந்தது. நடுவில் ஒரு மணல்திட்டு நீளமாக வெளியே வந்திருந்தது. காற்று நின்றுவிட்டது. மேலேயும் கீழேயும் ஒரே வெளிர் நிறம். மேனேஜர் கேட்ட நீலம் எங்கேயும் இல்லை. உப்புக் குவியல்கள் தரையைத் தொடாமல் மிதந்தன. பேசினால் குரல் பக்கத்திலேயே விழுந்தது. நாங்கள் நடக்கிறோமா, திட்டுதான் எங்களை நோக்கி வருகிறதா என்று எனக்கு ஒரு மயக்கம்.

மச்சான் போகிற வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே வந்தார். இன்றைக்கு அவசரமில்லாமல், நீளநீளமாக. திட்டில் ஏறியதும் புஷ்பம் அக்காவிடம் வாங்கி வந்த கைவலையையும் பையையும் வைத்தார். அக்கா கொடுத்தனுப்பிய சீனிக்கிழங்கில் கடைசித் துண்டைத் தின்றார். "கால் ரெண்டும் என்னுதே இல்ல மாப்ள. செத்த நேரம் கிடக்கேன்," என்று துண்டை விரித்துப் படுத்தார். நான் மறுபக்கம் இறங்கினேன்.

அங்கே தண்ணீர் கலங்கவில்லை. திட்டிலிருந்து சரிந்து இறங்கி, ஒரு கால்வாய் போல ஓடியது. முதல் வீச்சு குட்டை. இரண்டாவது வீச்சு, ஏனென்று தெரியவில்லை, கோலை நான் வீசியதாகவே தோன்றாமல் போனது. நூல் காற்றில் ஒரு வளையம் போட்டு, நிதானமாக அவிழ்ந்து, இறகைத் தண்ணீரில் வைத்தது. பித்தளை மணி அடிக்கு இழுத்துப் போனது. மெல்ல இழுத்தேன். மணி மணலைத் தொட்டுத் தொட்டுச் சின்னச் சின்னப் புகை எழுப்பியது. இறகும் தேய்த்துத்தான் நடந்தது.

நின்றது. ஈரத்துணியில் மாட்டிக்கொண்டது போல ஒரு கனம், துடிப்பு இல்லை.

இழுக்கக் கை பரபரத்தது. ஆனால் எங்கள் ஊரில் இன்னொன்றும் சொல்லி வளர்ப்பார்கள்: பற்ற வைத்த திரி அமைதியாகிவிட்டால் கிட்டே போகாதே, காத்திரு. காத்திருந்தேன். நாக்குமீன் வாயில் பிடித்துக்கொண்டு யோசிக்கிற மீன் என்று படித்திருக்கிறேன். அது யோசித்து முடித்தது. நூல் பக்கவாட்டில் மெல்ல நகர ஆரம்பித்தபோது கோலை உயர்த்தினேன்.

கோல் வில்லாக வளைந்தது. கீழே ஒரு அகலமான பழுப்பு திரும்பி, வெள்ளை வயிற்றைக் காட்டியது. நாக்குமீன்! முறம் மாதிரி தண்ணீரை முட்டுக்கொடுத்துக்கொண்டு அது அடியோடு ஒட்டியது. வலை வேண்டும். வலை மச்சானுக்குப் பக்கத்தில் இருந்தது. "மச்சான்!" என்று கத்த வாயைத் திறந்து திரும்பினேன்.

மச்சான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கை தலைக்குக் கீழே. வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் மணல். அவருடைய இரண்டு கண்ணும் மூடியிருந்தன. நாரை ஒன்று அவர் தலைமாட்டில் நடந்து போயிற்று, இமை அசையவில்லை.

திறந்த வாயை மூடினேன்.

சத்தம் போடாமல் மீன் பிடிப்பது எப்படி என்று ஒரு வீடியோவிலும் சொல்லித் தரவில்லை. உருளை திரும்பினால் கிரீச்சிடும் என்பதால் அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். பின்பக்கமாக, காலைத் தேய்த்து, திட்டின் மேல் ஏறினேன். மீன் வந்தது. கணுக்கால் தண்ணீர் வரைக்கும் வந்தது. எனக்கும் அதற்கும் ஒரு கோல் நீளம்தான். குனிந்து கையால் எடுக்கலாம். அது துள்ளினால் தண்ணீர் மச்சான் மேல் தெறிக்கும். தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் நூல் தளர்ந்தது. முள் கழன்று, மச்சான் கட்டிய இறகு மட்டும் தனியாக மணலில் கிடந்தது.

மீன் உடனே ஓடவில்லை. ஆழமில்லாத அந்தத் தெளிவில், ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தபடி கிடந்தது. பிறகு ஓரங்களை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மணல் எழுந்து அதை மூடியது. கண்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன. அப்புறம் மணல் மட்டும்.

நான் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடல் திரும்ப ஆரம்பித்தது. ஏத்தம். தண்ணீர் வருவது தெரியாது. திட்டு சிறுத்துக்கொண்டே போவதுதான் தெரியும். பையை மடியில் எடுத்து வைத்தேன். புஷ்பம் அக்கா தூரத்தில் கரையிலிருந்து கையை வீசி, வாங்க வாங்க என்றார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவ்வளவு தூரத்துக்கு அது எப்படித் தெரிந்ததோ, அவர் கையை இறக்கிவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் இன்னும் முழங்காலுக்கு ஏறவில்லை, நேரம் இருந்தது.

கடைசியில் அவரை எழுப்பியது நானில்லை. ஒரு நுரை வந்து குதிகாலைத் தொட்டது. மச்சான் அவசரமில்லாமல் கண்ணைத் திறந்தார். திடுக்கிடவில்லை.

"மீனு?"

"வந்துச்சு. போயிருச்சு."

கோலையும், நனையாத வலையையும், தன் கன்னத்து மணலையும் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"கூப்பிட வேண்டியதுதானலே, கூறுகெட்டவனே! பெருசா?"

"முறம் மாதிரி."

"அடப்பாவி," என்றார். அப்புறம் வெகுநேரம் சிரித்தார். கரை வரைக்கும் நான் முன்னால் தேய்த்துப் போனேன், அவர் என் தடத்தில் வந்தார். புஷ்பம் அக்கா என் காலிக் கையைப் பார்த்து, "சொன்னேம்லா?" என்றார். மீன் இறகைக் கடித்ததை நான் சத்தியம் பண்ணியும் அவர் இன்றுவரை நம்பவில்லை.

பஸ்ஸிலும் மச்சான் தூங்கினார். குழாயைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கியதால் இருக்கலாம். அக்காவுக்கு போன் செய்தேன்.

"பிடிச்சியாலே?"

"பிடிக்கல. தூங்கினாக."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எம்புட்டு நேரம்?" என்றாள்.

"கடல் போயிட்டுத் திரும்பி வர்ற நேரம்."

திங்கட்கிழமை மச்சான் ஆலைக்குப் போனார். மருந்து அறைக்கு இல்லை. கொஞ்ச நாளைக்குப் பேக்கிங்கில் போடச் சொல்லி அவரே ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். தூக்கம் எல்லா ராத்திரியும் வருவதில்லை. வராத ராத்திரிக்கு ஒரு இறகு என்று கணக்கு வைத்துக் கட்டுகிறார். டப்பா இப்போது மெதுவாகத்தான் நிரம்புகிறது.

அடுத்த வாரம் ஆனைக்குட்டத்தில் ஒரு ஒத்திகை. அணையில் தண்ணீர் வற்றுவதற்குள், நனைந்த சாக்கு ஒன்றை நூல் நுனியில் கட்டி, உருளை கிரீச்சிடாமல், தண்ணீர் தெறிக்காமல் கரையேற்றிப் பழகப் போகிறேன். உருளைக்கு எண்ணெய் போட்டாயிற்று. சாக்குக்குப் பதிலாகத் தானே மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மீனாகக் கிடப்பதாக மச்சான் சொல்லியிருக்கிறார். அக்காவும் வருகிறாள். அவர் நடுவில் தூங்கிவிட்டால் நூலை அறுத்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை.